விடை மட்டும் போதாது

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு நெருங்கினால் ஜனக்புரித் தமிழ்க் குடும்பங்களில் கணக்கைப் பற்றிய கவலை தொடங்கிவிடும். அதிலும் 'நிரூபிக்கவும்' என்று முடியும் கேள்வி என்றால் பிள்ளைகளுக்குக் கிலி. முடிவு கேள்வியிலேயே இருக்கிறது. அதற்குச் செல்லும் வழியைத்தான் எழுத வேண்டும். வழி புரியாத பிள்ளை வரிக்கு வரி நெட்டுருப் போடுகிறது. ஒரு வரி மறந்தால் அத்தனையும் போயிற்று.

சில எண்களைப் போட்டுப் பார்த்து, சரியாக வருகிறது என்று எழுதுவதும் நிரூபணமாகாது. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41ஐயும் கூட்டினால், 1 முதல் 39 வரை பகா எண்ணே கிடைக்கிறது. 40க்கு வருவதோ 1681. அது 41ஐ 41ஆல் பெருக்கிய தொகை.

மாறாக, அடுத்தடுத்த இரண்டு ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை 4ஆல் வகுபடும் என்பதைப் பார்க்கலாம். அவற்றின் நடுவில் இருப்பது ஓர் இரட்டை எண். ஒன்று அதைவிட 1 குறைவு. மற்றது 1 அதிகம். கூட்டினால் அவ்விரண்டும் அடிபட்டு, இரட்டை எண்ணின் இரு மடங்கு நிற்கும். அது 4ஆல் வகுபட்டே தீரும். எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்து எழுதினால் இதுவே அல்ஜீப்ரா.

சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் 1913இல் கேம்பிரிட்ஜுக்குத் தம் முடிவுகளை எழுதி அனுப்பினார். வியந்துபோன பேராசிரியர் ஹார்டியும் நிரூபணத்தைக் கேட்டார். மேதைக்கே விலக்கு இல்லை.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020 தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணக்கில் ஸ்டாண்டர்டு, பேசிக் என இரு வினாத்தாள்களை வைத்தது. மேலே கணிதம் படிக்க விரும்புவோரைக் கருதியே ஸ்டாண்டர்டு ஏற்பட்டது. நிரூபணத்துக்கு அஞ்சி, திறமையுள்ள பிள்ளையும் பேசிக்கில் ஒதுங்குவது பெரும் நஷ்டம்.

டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று ஜனக்புரியில் இருக்கிறது. பள்ளி கற்பிப்பதை வீடும் தொடர வேண்டும். அதற்குத் தந்தை கணக்கில் புலியாக இருக்க வேண்டியதில்லை. ஆபீஸ் கோப்பில் எந்த விதியின்படி என்று காட்டாமல் அவர் குறிப்பு எழுதுவதில்லை. பிள்ளையின் நோட்டிலும் ஒவ்வொரு வரிக்கும் 'இது எதனால் வந்தது?' என்று கேட்கட்டும். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் விளக்கச் சொல்லட்டும். விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு நெட்டுரு தேவையில்லை; தேர்வில் படிக்குப் படி மதிப்பெண்ணும் உண்டு.