கலர் தீ விட்டா குண்டு வைக்கிறவனா?

போன மாசம் ஒரு கல்யாண ரிசப்ஷன். வார இறுதியில மொஹாவே பாலைவனத்துக்குப் போய் ராக்கெட் மோட்டார் சோதிப்பேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். பக்கத்து நாற்காலி அண்ணாச்சி, "தம்பி, குண்டு கிண்டு செஞ்சு மாட்டிக்காதீங்க"ன்னார். அப்போ சிரிச்சுட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் பத்திக்கிட்டு வந்துச்சு. அதான் இந்தப் பதிவு.

அண்ணாச்சியைச் சொல்லிக் குத்தமில்லை. அமெரிக்க அரசாங்கமே அப்படித்தான் சொல்லிட்டிருந்துச்சு. நாங்க எரிக்கிறது அமோனியம் பெர்க்குளோரேட்டை ரப்பர்ல கலந்து இறுக வச்ச சரக்கு. சுருக்கமா ஏபிசிபி. ஸ்பேஸ் ஷட்டிலோட ரெண்டு பூஸ்டர்லயும் இருந்தது இதே இனம்தான். இதைப் போய் வெடிபொருள் பட்டியல்ல வச்சிருந்தது ஏடிஎஃப். டிரிபோலி, என்ஏஆர்னு ரெண்டு ராக்கெட் சங்கங்கள் 2000-ல வழக்குப் போட்டாங்க. 2006-ல அப்பீல் கோர்ட் அந்த முடிவுக்கு ஏடிஎஃப் தந்த விளக்கம் போதாதுன்னு திருப்பி அனுப்புச்சு. சரக்கு எரியிறது நொடிக்குச் சில மில்லிமீட்டர் கணக்குல ஐயா! 2009 மார்ச்ல நீதிபதி ரெஜி வால்டன் அதைப் பட்டியல்ல இருந்து தூக்கினார். ஒன்பது வருசம் ஆச்சு.

"சரி, கலர் எதுக்கு? வித்தை காட்டவா?"ன்னு அடுத்த கேள்வி வரும். ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை. சிவகாசிக்காரங்களுக்குத் தெரிஞ்ச சங்கதிதான். (பேரியத்தை 2018-ல உச்ச நீதிமன்றம் பட்டாசுல தடை பண்ணுச்சு. அது புகை விவகாரம், அந்தச் சண்டை வேற.) ஆனா மோட்டாருக்குள்ள கதையே மாறிடும். அலுமினியத்தைக் கூட்டினா உந்துவிசை ஏறும், அதோட வெள்ளை வெளிச்சம் கலரை முழுங்கிடும். கலர் வேணும்னா விசையில விட்டுக்கொடுக்கணும். நீலம் இருக்கே, அது ஆளையே படுத்திடும். காப்பர் குளோரைடு தர்ற நீலம், சூடு கொஞ்சம் ஏறினாலே காணாமப் போயிடும். இதை வித்தைங்கிறவர் ஒரு தடவை நீலத்துக்கு முயற்சி பண்ணிட்டு வந்து பேசட்டும்.

நம்ம ஆளுங்களுக்கும் ரெண்டு போடணும். செக்கச்செவேல்னு தீயை வீடியோ எடுத்துப் போடுவாங்க. லோட்செல் எங்க, பிரஷர் வரைபடம் எங்கன்னு கேட்டா முழிப்பாங்க. போன வருசம் என் பச்சை மோட்டார் ஒண்ணு, பார்க்க அவ்வளவு அழகு. எல்லாரும் கைதட்டினாங்க. வரைபடத்தைப் பார்த்தா, அழுத்தம் கடைசி வரைக்கும் ஏறிட்டே போயிருக்கு. இன்னும் அரை நொடி எரிஞ்சிருந்தா குழாய் கிழிஞ்சிருக்கும். அந்தக் கலவைக் குறிப்பை அங்கேயே கிழிச்சுப் போட்டேன்.

சொந்த மோட்டார்னா டிரிபோலில லெவல் 2 இல்லாம கிட்ட விட மாட்டாங்க. என்ஏஆர்ல சொந்தத் தயாரிப்புக்கு இடமே கிடையாது. இதையெல்லாம் மறைச்சு, சமையக்கட்டுல கலக்கலாம் வாங்கன்னு சின்னப் பசங்களைக் கூப்பிடுறான் பாருங்க, அண்ணாச்சி திட்ட வேண்டியது அவனை.

அடுத்த மாசம் சிவப்பு சோதனை. அண்ணாச்சியையும் கூப்பிட்டிருக்கேன். வர்றேன்னார். தொப்பியும் தண்ணியும் எடுத்துட்டு வரச் சொல்லணும், வெயில் கொளுத்தும் :-)