பாடநூலில் இல்லாத நோயாளிகள்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு மண்டல நோய் பற்றிய பாடநூல்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, வட அமெரிக்க நோயாளிகளை வைத்து எழுதப்பட்டவை. ஜப்பானில் அதே நோய் என்று சொல்லப்பட்டவர்களில் கணிசமானோருக்கு மூளை பெரிதும் தப்பியது; பார்வை நரம்பும் தண்டுவடமும்தான் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. ஆசியர்களுக்கு அந்நோய் இப்படித்தான் வரும் என்று பல ஆண்டுகள் கருதப்பட்டது.

2004இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் ஜப்பானிய மருத்துவர்களோடு சேர்ந்து இத்தகைய நோயாளிகளின் ரத்தத்தில் ஓர் எதிர்ப்பொருளைக் கண்டறிந்தார்கள். அது அக்வாபோரின்-4 என்ற புரதத்தைக் குறிவைப்பது மறு ஆண்டு தெரிந்தது. அந்த நோயாளிகளில் பலருக்கு இருந்தது நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்னும் தனி நோய். பாதிக்கப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஒரே தாக்குதலில் பார்வையோ நடையோ போய்விடலாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தரப்படும் இன்டர்ஃபெரான் பீட்டா என்ற மருந்து இந்நோயை மோசமாக்கக்கூடும் என்பதுதான் கொடுமை.

கிழக்காசியரிடமும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும் இந்நோய் கூடுதல். இந்தியாவிலும் இருக்கிறது. ஓர் இளம்பெண்ணின் பார்வை சில நாட்களில் மங்கினால் கண்ணாடி எழுதிக்கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. இந்த எதிர்ப்பொருளுக்கான ரத்தப் பரிசோதனை எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்க அரசு உடனே வழிசெய்ய வேண்டும்.