எசமானும் ஏவலாளனும்

கணனியின் தலைமைச் செயலி கணக்கிடுவதில் மகா வேகமுடையது என்பதை நாம் அறிவோம். ஆயினும், தட்டிலிருந்து நினைவகத்துக்குத் தரவுகளைச் சுமக்கும் வேலையையும் அதன் தலையிலேயே கட்டிவிட்டால் என்னாகும்? பண்டசாலை முதலாளி, பேரேட்டை மூடிவைத்துவிட்டு மூட்டை தூக்கப் போன கதைதான்.

இவ்விடர்ப்பாட்டை நீக்க எழுந்த ஏற்பாடே 'நேரடி நினைவக அணுகல்' என்பது. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணனியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் நெகிழ்தட்டிலிருந்து 32 மைக்குரோ செக்கனுக்கு ஒரு பைற்று வீதம் வந்துகொண்டிருக்கும். வந்ததை உடனே எடுத்து வையாவிடின், அடுத்தது வந்து முன்னையது அழிந்துபோம். சுழலும் தட்டு எவருக்காகவும் காத்து நிற்பதில்லை.

ஆகவே, இன்ரெல் 8237 என்னும் சிறு சில்லொன்று அங்கே ஏவலாளனாக அமர்த்தப்பட்டது. நினைவகத்தில் எவ்விடத்தில் தொடங்குவது, எத்தனை பைற்று, எத்திசையில் என்னும் மூன்றையும் செயலி அதற்குச் சொல்லிவிட்டால் போதும். தன் வேலையைக் கவனிக்கலாம். பைற்று ஒன்று ஆயத்தமானதும், 'வழி விடுக' என்று அச்சில்லு கேட்கும். செயலி பொதுப் பாதையைக் கணநேரம் விட்டுக்கொடுக்க, பைற்று நேரே நினைவகத்தைச் சேரும். எண்ணிக்கை நிறைந்த பின்னரே, 'வேலை முடிந்தது' என்னும் அறிவிப்புச் செயலிக்குச் செல்லும். 512 பைற்றுக்கு 512 முறை செயலியை அழைக்கவேண்டிய தொல்லை இல்லை.

இவ்வளவும் நன்றே. ஆனால், செயலியின் கைபடாமல் நினைவகத்துட் புகும் உரிமையைச் சாதனமொன்றுக்கு அளிப்பது, வீட்டுத் திறப்பை வேலையாளிடம் ஒப்படைப்பதை ஒக்குமன்றோ? நமது கடவுச்சொல்லும் கடிதங்களும் கணனி இயங்கும்போது அந்நினைவகத்திலேதான் தங்குகின்றன. தீய நோக்குடன் செய்த சாதனமொன்று அவற்றைக் களவாக வாசித்துவிடலாம்.

இதைத் தடுக்க, சாதனங்கள் கேட்கும் ஒவ்வொரு முகவரியையும் சோதிக்கும் காவற் சுற்று ஒன்று இக்காலக் கணனிகளில் உண்டு. ஆனால், காவலாளனுக்கு இடும் கட்டளை தளர்ந்திருப்பின் காவலால் பயனில்லை என்பதைக் கேம்பிரிட்ஜ் முதலிய இடங்களின் ஆராய்ச்சியாளர் 2019ஆம் ஆண்டில் 'தண்டர்கிளாப்' என்னும் ஆய்வினால் காட்டினர். அதன்பின் திருத்தங்கள் பல செய்யப்பட்டன.

எனவே, மாணவர்காள், முன்பின் அறியாத சாதனத்தைக் கணனியிற் செருகாதீர்கள். இயங்குதளத்துக்கு வரும் திருத்தங்களை ஏற்கத் தாமதியாதீர்கள். வேலையைப் பகிர்ந்தளிப்பது அறிவு; எல்லை வகுத்து அளிப்பதே பாதுகாப்பு.