இலவசமும் விலையும்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சும்மா கிடைக்கும் பொருளுக்குக் காசு கொடுப்பவன் ஏமாளி என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட கருத்து. கருத்தில் தவறில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் காட்டை நம்பி வாழும் குடும்பங்களிலிருந்து வரும் நமக்கு, வீட்டிலிருந்து வரும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்குப் பின்னாலும் எத்தனை செலவுகள் வரிசையில் நிற்கின்றன என்பது தெரியும். ஆனால் ‘சும்மா’ என்ற சொல்லைச் சற்றே உரசிப் பார்க்க வேண்டாமா?

இவ்வாண்டு எங்கள் வகுப்பில் ஒரு விவாதம் எழுந்தது. ரெக்கார்டு நோட்டைக் கைப்பேசியில் படமெடுத்துப் பி.டி.எஃப். ஆக்கும் செயலி ஒன்று, பக்கந்தோறும் தன் முத்திரையைக் குத்திவிடுகிறது. நீக்க வேண்டுமானால் மாதம் 120 ரூபாய். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் தலைக்குப் பத்து ரூபாய்தானே, கட்டிவிடலாம் என்றனர் சிலர். இலவசமாய் ஆயிரம் செயலிகள் கிடக்க இதற்கேன் காசு என்றனர் பலர். இரு சாராரும் விலையைப் பார்த்தார்களே தவிர, அச்செயலியை ஆக்கியவனுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று எவரும் கேட்கவில்லை.

அது கேட்க வேண்டிய கேள்வி. இதே வேலையைச் செய்த கேம்ஸ்கேனர் என்னும் செயலியைப் பத்துக் கோடிப் பேருக்கு மேல் இறக்கிக்கொண்டனர். விளம்பரத்திற்காக அதனுள் சேர்க்கப்பட்ட ஒரு பகுதியில் தீய நிரல் ஒளிந்திருந்ததை 2019 ஆகஸ்டில் காஸ்பர்ஸ்கை ஆய்வாளர் கண்டுபிடித்தனர். மறு ஆண்டு ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. அவாஸ்ட் கதை இன்னும் விந்தையானது. கணினிக்குக் காவல் என்று இலவசமாய் வந்த அது, நாம் எந்தெந்த வலைத்தளத்திற்குப் போனோம் என்ற விவரத்தைத் தன் துணை நிறுவனத்தின் வழியே விற்றது. 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் 1 கோடியே 65 இலட்சம் டாலர் கட்டச் சொன்னது. வேலிக்கு வைத்தவனே வெள்ளாமையைத் தின்ற கதை!

அப்படியானால் இலவசமெல்லாம் வஞ்சகமா? அல்லவே அல்ல. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரு பொருளுக்கும் நின்று குழப்புகிறது. தமிழில் ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. மூல நிரலைத் திறந்து வைத்து, யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்குக் கொடுக்கலாம் என்று விடுவது கட்டற்ற மென்பொருள். நம் கைப்பேசியிலும் கணினியிலும் படம் ஓட்டும் வி.எல்.சி., பாரிஸ் புறநகர்க் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் 1996இல் தொடங்கியது. நம் வயதினர் அவர்கள்! தமிழில் தட்டச்சிட உதவும் எ-கலப்பையும் தன்னார்வலர் ஆக்கித் தந்ததே. கரிசல்காட்டுக்காரனுக்கு அப்பெயரே இனிக்கிறது.

நிற்க. கட்டற்றதற்கும் உழைப்பு வேண்டும். நம் ஊர்க் கண்மாய்த் தண்ணீருக்கு யார் விலை போட்டார்? ஆயினும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வரத்துக்காலை வெட்டி, மடையைச் சீர் செய்த காலத்தில்தான் கண்மாய் கண்மாயாக இருந்தது. அந்தக் குடிமராமத்து நின்றுபோய், 2017இல் அரசே அதை மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. கணினி உலகின் கண்மாயும் அப்படித்தான் உடைந்தது. இணையத்தில் வங்கிக் கணக்கு முதல் கடவுச்சொல் வரை காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற கட்டற்ற நிரலில், 2014இல் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெருந்துளை வெளிப்பட்டது. இரண்டாண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் இருந்த துளை. உலகமே நம்பியிருந்த அந்நிரலுக்கு அதுவரை வந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 டாலர்தான். முழுநேரம் பார்த்தவர் ஒரே ஒருவர். துளை தெரிந்த பின்னரே கூகுளும் மைக்ரோசாஃப்டும் பிறரும் பணத்தோடு ஓடி வந்தனர்.

இடையில் மூன்றாவது வழி ஒன்று நம் விடுதிகளில் செழித்திருப்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. விலையுள்ள செயலியின் பூட்டை உடைத்த ‘மோட்’ பதிப்பை எங்கிருந்தோ இறக்கிக்கொள்வது! பூட்டை உடைத்தவன் உள்ளே என்ன வைத்தான் என்று யாருக்குத் தெரியும்? இதனினும் காசு கொடுப்பது மேல், கட்டற்றதைத் தேடுவது அதனினும் மேல். ‘ஏழு நாள் இலவசம்’ என்பதும் எச்சரிக்கைக்குரியதே. தானாய்ப் பணம் எடுக்கும் முன் 24 மணி நேர அறிவிப்பு வர வேண்டுமென ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் விதித்திருக்கிறது. ஆனால் கணக்கு தாயாருடையது, அறிவிப்பு வருவது அவர் கைப்பேசிக்கு, அவருக்கோ ஆங்கிலம் தெரியாது என்றால் விதியால் என்ன பயன்?

என் முடிவு இது. எதைக் கொண்டு ஒருவர் பிழைப்பு நடத்துகிறாரோ, அதற்கு விலை கொடுக்கட்டும். போட்டோ ஸ்டுடியோக்காரர் படம் திருத்தும் செயலிக்குக் கட்டுவது முறை. மாதத்தில் நான்கு நாள் ரெக்கார்டு அனுப்பும் மாணவர் 120 ரூபாய் கட்ட வேண்டியதில்லை. கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது. கட்டற்றதைப் பயன்படுத்துவோர் காசில்லாவிட்டால் மண்வெட்டியையாவது தூக்க வேண்டும். பிழை கண்டால் எழுதி அனுப்பலாம், தமிழாக்கத்தில் கைகொடுக்கலாம்.

நம் கணினிக் கூடத்தில் லிப்ரே ஆஃபீஸ் பயன்படுத்த ஒரு சிறு தமிழ்க் கையேடு எழுத நானும் தோழர் இருவரும் முனைந்துள்ளோம். கணக்குத்தாள் பகுதிக்கு மட்டும் ஆள் குறைகிறது. வணிகவியல் நண்பர்கள் யாரேனும் வந்தால் விடுமுறைக்குள் முடித்துவிடலாம்.