அவர்களே எழுதிவைத்த காரணம்

1860 டிசம்பர் 20 மாலை, சார்ல்ஸ்டன் நகரின் இன்ஸ்டிட்யூட் ஹாலில் மாநாட்டுப் பிரதிநிதிகள் ஒவ்வொருவராக வந்து ஒரு சாசனத்தில் கையெழுத்திட்டார்கள். தென் கரோலினா இனி அமெரிக்க ஒன்றியத்தில் இல்லை. எதிர்த்து ஒரு வாக்குக்கூட விழவில்லை. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மக்கள்தொகை 7,03,708. அதில் 4,02,406 பேர் அடிமைகள். ஏகமனதான முடிவு என்று ஏடுகள் சொல்லும்போது இந்த இரண்டாவது எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நான்கு நாள் கழித்து, ஏன் பிரிகிறோம் என்று உலகுக்கு விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எழுதியவர் கிறிஸ்டோபர் மெமிஞ்சர். ஜெர்மனியில் பிறந்து, சார்ல்ஸ்டன் அனாதை இல்லத்தில் வளர்ந்து, வழக்கறிஞராக உயர்ந்தவர். அதில் ஒளிவுமறைவே இல்லை. தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வட மாநிலங்கள் மறுக்கின்றன. அடிமைமுறையைப் பாவம் என்கின்றன. அதை வெறுக்கும் ஒருவரை ஜனாதிபதியாக்கிவிட்டன. இதைத் தொடர்ந்து வந்த உள்நாட்டுப் போர் மாநில உரிமைக்காகத்தான் நடந்தது என்று இன்றும் வாதாடுபவர்கள் இந்த அறிக்கையை ஒருமுறை படிக்கலாம். வட மாநிலங்கள் தம் சட்டமன்றங்களில் தாமே சட்டம் போட்டுக்கொண்டதைத்தான் அது குற்றமாக அடுக்குகிறது.

அதே மாநாட்டில் ராபர்ட் பார்ன்வெல் ரெட் எழுதிய இன்னொரு முறையீடும் ஏற்கப்பட்டது. அதில் வரிச்சுமைப் புலம்பல் நிறைய உண்டு. சுங்கவரியே மூல காரணம் என்பவர்களுக்கு அது கையிருப்பு. ஆனால் அந்த முறையீடு அடிமை வைத்திருக்கும் மாநிலங்களை விளித்துத்தான் எழுதப்பட்டது. கூட்டுச் சேரும்படி யாரை அழைத்தார்கள் என்பது தலைப்பிலேயே இருக்கிறது.

போரில் தென் மாநிலங்கள் தோற்ற பிறகு கதை மாறியது. 1861 மார்ச்சில் சவானா நகரில், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே பிரிந்த மாநிலங்கள் அமைத்த புதிய அரசின் மூலைக்கல் என்று முழங்கியவர் அதன் துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ். போருக்குப் பின் அவரே இரண்டு பெரிய தொகுதிகள் எழுதி, எல்லாம் அரசியல் சட்டப் பொருள்கோள் பற்றிய சச்சரவு என்றார். தோற்றவன் எழுதிய வரலாற்றை வென்றவனும் ஏற்றுக்கொண்டதுதான் வியப்பு. 1918-இல் வெளிவந்த வரலாற்றாசிரியர் யு.பி. பிலிப்ஸின் நூல் அடிமைகள் உழைத்த தோட்டங்களைப் பள்ளிக்கூடம் போலச் சித்திரித்தது. சார்ல்ஸ் பியர்டு போரை ஆலை முதலாளிக்கும் வேளாண் முதலாளிக்குமான மோதல் என்றார். ஜேம்ஸ் ராண்டல் தலைவர்களின் தடுமாற்றத்தைச் சொன்னார். இவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்லர், ஆவணங்களில் ஊறியவர்கள்தான். 1935-இல் டபிள்யூ.இ.பி. டு போய்ஸ் அடிமைகளையே வரலாற்றின் நடுவில் நிறுத்தி எழுதியபோது கல்வியுலகம் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை.

அடிமைகளை நடுவில் வைத்தால் என்ன தெரியும்? முதலில் நெல் தெரியும். கரோலினாவின் கடலோரச் சதுப்புகளில் சைப்ரஸ் மரங்களை வெட்டி, கரை எடுத்து, மதகு வைத்து, கடலேற்றத்தில் எம்பும் ஆற்றின் நன்னீரை வயலுக்குள் திருப்பியவர்கள் அவர்கள். மரத்தைக் குடைந்த உரலில் உலக்கையால் குத்தினார்கள். புல்லில் முடைந்த அகன்ற கூடைத்தட்டில் புடைத்தார்கள். முறம் பிடித்த கைக்கு அந்த வேலை சொல்லாமலே புரியும். அந்த மரபில் வந்த புல்கூடைகளைச் சார்ல்ஸ்டன் சந்தையில் இன்றும் விற்கிறார்கள். இந்தச் சாகுபடி அறிவில் மேற்கு ஆப்பிரிக்காவின் பங்கு பெரிது என்று 1974-இல் பீட்டர் வுட் வாதிட்டார். எவ்வளவு பெரிது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

அடுத்துத் தெரிவது பயம். 1822-இல் டென்மார்க் வீசி தலைமையில் கிளர்ச்சிக்குத் திட்டம் என்று சொல்லி 35 பேரைத் தூக்கிலிட்டார்கள். துறைமுகத்துக்கு வரும் கறுப்பு மாலுமிகளை, கப்பல் கிளம்பும்வரை சிறையில் அடைக்கச் சட்டம் வந்தது. 1832-இல் சுங்கவரிக்காக மாநிலம் ஒன்றியத்தோடு முறுக்கிக்கொண்டதற்கு அடியிலும் இந்தப் பயமே இருந்தது என்று வில்லியம் ஃபிரீலிங் காட்டினார். 1859-இல் அடிமைமுறை எதிர்ப்பாளர் ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக்கிடங்கைத் தாக்கியதும் அந்தப் பயம் எப்படிக் காய்ச்சலாக ஏறியது என்பதை ஸ்டீவன் சானிங் எழுதினார். இந்தியாவில் பிறந்த மனீஷா சின்ஹா, பிரிவினை என்பதே ஜனநாயகத்துக்கு எதிராக அடிமை உடைமையாளர் நடத்திய எதிர்ப்புரட்சி என்கிறார்.

சரி, அடிமை வைத்திராத ஏழை வெள்ளையன் ஏன் கூடவே போனான்? எனக்கு ஸ்டெஃபனி மெக்கரியின் பதில்தான் மனசில் நிற்கிறது. அவனும் தன் வேலிக்குள், மனைவி மக்கள் மேல், ஓர் எஜமான். பெரிய பண்ணையின் அதிகாரம் சரிந்தால் தன் சின்ன அதிகாரமும் ஆட்டம் காணும் என்று அவனுக்குச் சொல்லப்பட்டது. அவன் நம்பினான்.

ஆவணங்கள் எல்லாக் காலத்திலும் அலமாரியில்தான் இருந்தன. 1939-இல் ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் என்ற கறுப்பின ஆய்வாளர், பக்கத்து வட கரோலினாவின் ராலே நகர் ஆவணக் காப்பகத்துக்குப் போனார். கறுப்பர் ஒருவர் படிக்க வருவார் என்று நினைத்தே கட்டடம் கட்டப்படவில்லை என்றார்கள். சில நாளில் ஒரு தனி அறை ஒதுக்கினார்கள். வெள்ளை ஊழியர் அவருக்கு ஏடு எடுத்துக் கொடுக்க வேண்டாமே என்று வைப்பறைச் சாவியையே அவர் கையில் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தங்களுக்கும் சாவி வேண்டும், இது பாரபட்சம் என்று வெள்ளை ஆய்வாளர்கள் முறையிட்டிருந்தார்கள்.