ஜக்கூஸிக்கு ஒரு நியாயம், கொளத்துக்கு ஒரு நியாயமா?

ரெண்டு மாசமா பதிவு எழுத நேரமே இல்ல. ஆபீஸ்ல அவ்ளோ ஆணி. ஆனா இதை எழுதலைன்னா தூக்கம் வராது போலருக்கு. கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

போன வாரம் அப்பாவுக்கு முதல் வருஷ திதி. பெங்களூர்லேர்ந்து ராத்திரி பஸ் புடிச்சு, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம்னு குலுங்கி விடிகாலைல திருவண்ணாமலை வந்து சேர்ந்தேன். கிரிவலப் பாதைக்குக் கிட்ட ஒரு கொளம். (எந்தக் கொளம்னு சொல்லப் போறதில்ல, பஞ்சாயத்து வேணாம்.) ஐயர் மந்திரம் சொல்லிட்டு, "தண்ணிய அள்ளி மூணு தடவை விடுங்க"ன்னார். அள்ளினேன். கையில வந்தது தண்ணி, நுரை, அதுல ஓரம் கிழிஞ்ச ஒரு ஷாம்பூ பாக்கெட். ரெண்டு படி தள்ளி ஒருத்தர் நிம்மதியா தலைக்குத் தேய்ச்சுக்கிட்டிருந்தார். அம்மா மெதுவா, "டேய், கண்ண மூடிக்கிட்டு விடுடா"ன்னாங்க. விட்டேன். எங்கப்பாவுக்கு நான் குடுத்த தண்ணி அதுதான்.

கடுப்பு எதுக்குன்னா, இதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் தண்ணி சுத்தத்தைப் பத்தி எனக்கு ஒருத்தர் பாடம் எடுத்திருந்தார். பெங்களூர்ல நான் குடியிருக்கற அபார்ட்மெண்ட்ல நீச்சல் குளத்துக்குப் பக்கத்துலயே ஒரு ஜக்கூஸி இருக்கு. (வெந்நித் தொட்டிங்க. அடியிலேர்ந்து குமிழி வரும், உள்ள உக்காந்துக்கலாம். ஹி ஹி.) அதைப் பாத்துக்கற அண்ணன் தர்மபுரிக்காரர். ஒரு நாள் தொட்டி பூரா நுரை. என்னண்ணே இதுன்னு கேட்டேன்.

"எவனோ குளிக்காம எறங்கியிருக்கான் சார். தலையில இருக்கற ஷாம்பூ, மேல பூசின கிரீம், துணில ஒட்டியிருக்கற சோப்புத்தூளு... எல்லாம் கலந்து, பம்பு ஓடினா நுரைக்கும். மருந்து ஊத்தினா நுரை அடங்கும். அழுக்கு எங்கியும் போவாது. தண்ணியை எறைச்சுட்டு வேற ரொப்பினாத்தான் போவும்."

இன்னொண்ணும் சொன்னார். குளோரின் வாசனை மூக்கைத் துளைச்சா தண்ணி சுத்தம்னு நாம நெனைப்போம். உண்மை நேர்மாறு. வேர்வை, சிறுநீரோட குளோரின் சேர்ந்து உண்டாகற குளோரமைன்தான் அப்படி நாறுது. கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் நம்ம அழுக்கோட மல்லுக்கட்டியே தீர்ந்து போகுதுன்னு அர்த்தம். அதனாலதான் வாசல்லயே போர்டு: "குளித்துவிட்டு இறங்கவும்". எல்லாரும் மறுபேச்சில்லாம ஷவர்ல நனைஞ்சுட்டுதான் எறங்கறோம். ஜப்பான்ல வெந்நீர் ஊற்றுல குளிக்கறதுக்கும் இதே சட்டம்தான். வெளிய முக்காலி போட்டு உக்காந்து சோப்பு போட்டு அலசிட்டுதான் உள்ள காலை வைக்கணும். துண்டைக் கூட தண்ணில முக்கக் கூடாது.

சரி மக்கள்ஸ், இப்ப சொல்லுங்க. பத்து பேர் உக்கார்ற தொட்டிக்கு நாம குடுக்கற மரியாதையை, சாமிக்குத் தீர்த்தவாரி நடக்கற ஊர்ல இருக்கற கொளத்துக்கு ஏன் குடுக்க மாட்டேங்கறோம்?

கேட்டா மூணு பதில் வரும். மூணும் ஓட்டை.

1) "தீர்த்தம் தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கும்."

ஆத்துக்கு அது ஓரளவு பொருந்தும், ஓடற தண்ணி. கொளத்துல வரத்துக் கால்வாய் வழியா புதுத் தண்ணி வரணும், மிஞ்சினது வெளிய போகணும். மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துக்கு வைகைத் தண்ணி வர்ற வழி அடைஞ்சு கெடந்தப்போ பசங்க உள்ள கிரிக்கெட் ஆடினாங்க. நம்மூர்ல மலையில பெய்யற மழைதான் வரத்து. அது வர்ற வழியை அடைச்சுட்டா அப்புறம் கொளம் வெறும் தொட்டிதான். வெயில்ல ஆவியாகறது தண்ணி மட்டும். ஷாம்பூவும் எண்ணெயும் ஆவியாகாது. ஒவ்வொரு கோடைக்கும் கரைசல் கெட்டியாகிக்கிட்டே போகும். மாலையும் சோறும் அழுகும்போது தண்ணில இருக்கற ஆக்ஸிஜனைத் தின்னும். மீன் செத்து மெதக்கறதுக்கு அது போதும்.

2) "பிளீச்சிங் பவுடர் போட்டா சரியாப் போச்சு."

பொட்டி தட்டறவனாச்சே, கணக்குப் போட்டேன். ஜக்கூஸில லிட்டருக்கு குறைஞ்சது 3 மில்லிகிராம் குளோரின் இருக்கணும்னு அமெரிக்க சி.டி.சி. சொல்லுது. 1500 லிட்டர் தொட்டிக்கு 4.5 கிராம். இப்ப பக்கத்துக்கு 60 மீட்டர், ஆழம் 3 மீட்டர்னு ஒரு கொளம் வெச்சுக்குவோம். 1 கோடியே 8 லட்சம் லிட்டர். அதே அளவு வேணும்னா 32 கிலோ குளோரின். பவுடர்ல குளோரின் 30 சதவீதம்னு வெச்சாலும் 100 கிலோவுக்கு மேல. அதுவும் அழுக்கே இல்லைன்னாதான்! திறந்த வெளியில வெயில் பட்டா சில மணி நேரத்துல பெரும்பகுதி காலி. மறுநாள் திரும்பவும் 100 கிலோ. மிச்சமிருக்கற மீனும் அவுட்.

வருஷத்துக்கு ஒரு தடவை தூர்வாரி, போட்டோ புடிச்சுப் போடறதும் இதே கதைதான். மெமரி லீக் இருக்கற ப்ரோக்ராமை சரி பண்ணாம, தினம் சர்வரை ரீஸ்டார்ட் பண்றவனை எங்க டீம்ல வெச்சிருப்போமா?

3) "பெரிய பெரிய சாக்கடையெல்லாம் விட்டுட்டு, ஏழையோட ஒரு ரூபா ஷாம்பூதான் கண்ணுல பட்டுச்சா?"

இதுல மட்டும் நியாயம் இருக்கு. எந்தக் கொளத்துல சாக்கடை கலந்தாலும் முதல்ல அதைத்தான் அடைக்கணும், சந்தேகமே இல்ல. வீட்ல குளிக்க எடமில்லாம படிக்கு வர்றவங்களை விரட்டறவன் மனுஷனே இல்ல. ஆனா அவங்களுக்கு வேண்டியது குளிக்கத் தண்ணி. அதைக் கொளத்துக்குள்ளதான் குடுக்கணுமா? படிக்கு வெளிய பத்து குழாய், கீழ ஒரு சிமெண்டுத் தளம், அந்தத் தண்ணி கொளத்துக்குப் போகாம பாதாள சாக்கடைக்குப் போக ஒரு பைப். காசு வாங்காம. பௌர்ணமிக்கு லட்சக்கணக்குல ஜனம் வர்ற ஊருக்கு இது பெரிய செலவா? கழட்டிப் போடற துணிக்கு ஒரு கூடை. மழைக்கு முன்னாடி வரத்துக் கால்வாயைப் பாக்க ஒரு ஆள். தண்ணியை சோதிச்ச தேதியையும் முடிவையும் எழுதி வெக்க ஒரு போர்டு. இவ்ளோதான் நான் கேக்கறது.

இது ஜப்பான்லேர்ந்து இறக்குமதி பண்ண வேண்டிய அறிவும் இல்ல. எங்க ஆயா கெணத்தடில அரப்புத் தேய்ச்சு அலசிட்டு, அப்புறம்தான் கொளத்துல முங்கப் போகும். "கொளத்துல எச்சி துப்பினா நாக்கு அழுகிடும்டா"ன்னு மெரட்டும். ஆயா பள்ளிக்கூடமே போனதில்ல. நான் பி.இ.

கார்த்திகை தீபம் முடிஞ்சு மூணு நாள் அய்யங்குளத்துல தெப்பம். சாமி தண்ணில சுத்தி வர்றப்போ கரையில நின்னு கன்னத்துல போட்டுக்கறோம். நெருப்பா நின்ன சாமிக்கு நாம செய்ய முடிஞ்சதெல்லாம் அந்தத் தண்ணியை ஒழுங்கா வெச்சுக்கறது ஒண்ணுதான். அதைக் கூட செய்யலைன்னா அந்தக் கன்னத்துல போட்டுக்கறதுக்கு என்ன அர்த்தம்?

டிஸ்கி: ரொம்ப யோக்கியன் மாதிரி பேசறேன்ல... ஒரு உண்மையைச் சொல்லிடறேன். போன வருஷம் அப்பாவோட கருமாதி அன்னிக்கு, யாரோ சொன்னாங்கன்னு அப்பா கடைசியா கட்டியிருந்த வேட்டியை இதே கொளத்துல நான்தான் விட்டேன். பாலியஸ்டர் கலந்த வேட்டி. இன்னும் மக்கியிருக்காது. திதி அன்னிக்கு நான் தண்ணி அள்ளின படிக்குக் கீழதான் எங்கயாவது கெடக்கும்.