வாயிலும் வாயிலோனும்

அரணுக்கு மதில் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது வாயில். மதிலின் தொழில் ஒன்றே. அஃது அனைவரையும் தடுப்பது. வாயிலுக்கோ தொழில் இரண்டு: அல்லாதாரைத் தடுத்தல், உரியாரை உள்ளே விடுத்தல். இற்றைநாளில் அரசினர் அலுவலும், வங்கியும், கலாசாலைச் சேர்க்கையும் இணையத்தின்கண் குடியேறிவிட்டமையால், அவ்விரு தொழிலும் 'லாகின்' என்னும் சிறு பக்கத்தின் தலைமேல் விழுந்துள்ளன. அப்பக்கத்தை வகுப்போர் முதற்றொழிலையே பெரிதெனக் கொண்டு இரண்டாவதை மறந்தனர் என்பதும், அதனால் முதற்றொழிலும் பழுதாயிற்று என்பதும் நம் கருத்து.

வாயிலில் சொல் கேட்கும் வழக்கம் பழையது. யோர்தான் துறையில் கீலேயாத்தியர் 'ஷிபோலேத்' என்று சொல்லச் செய்து, அவ்வொலியைப் பிறழச் சொன்ன எப்பிராயீமியரைக் கொன்றனர் என்றும், அக்காலத்தில் மாண்டோர் 42,000 பேர் என்றும் நியாயாதிபதிகள் ஆகமம் கூறும். நீ யார் என்று வினவாமல், உன் நாவு எத்தகையது என்று வினவிய வாயில் அது. ஆங்கிலம் ஒன்றையே பேசி, நெளிந்த எழுத்துக்களைப் படித்துக் காட்டுக என்று முதியோரை மருட்டும் பக்கம் அதற்கு இளைய உடன்பிறப்பன்றோ? தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்து வழங்கும் நம்மவரைக் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தை நிரப்பாவிடின் உள்ளே விடேன் என்று மறிக்கும் பக்கமும் அவ்வினத்ததே.

பரிசில் நீட்டித்த அதியமான் நெடுமான் அஞ்சியின் வாயிலில் நின்று, ஔவையார் வாயிலோனை விளித்துப் பாடியது புறநானூற்றின் 206ஆம் பாட்டு. இவ்வாயில் அடைப்பின் வேறு வாயில் உண்டு என்னும் பெருமிதம் அப்புலவர்க்கு இருந்தது. முதியோர் உதவித்தொகை நாடும் மூதாட்டிக்கும், கல்வி உதவித்தொகை வேண்டும் மாணாக்கனுக்கும் வேறு வாயில் ஏது? புரவலர் பலர், அரசு ஒன்றே. ஆதலின் ஒரே வாயிலைக் காப்போனுக்குப் பொறுமை பன்மடங்கு வேண்டும்.

பெரியகுளத்துக்கு அணித்தாய் வராக நதியை அடுத்த ஜெயமங்கலம் போன்ற நம் ஊர்களில் நடப்பதை நோக்குவோம். வயல் வேலைக்குச் செல்வோர் விண்ணப்பம் செய்ய நாடுவது கணினிக் கடையை. பக்கம் விளங்காமையால் கடைக்காரரே கணக்குத் தொடங்குகிறார், மின்னஞ்சல் அவருடையது, சில வேளை கைபேசி எண்ணும் அவருடையதே. கடவுச்சொல் அவர் குறிப்பேட்டில் இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கலாம்; ஆயினும் ஒரு குடும்பத்தின் சான்றிதழும் உதவித்தொகையும் பிறர் ஏட்டில் அடங்கிக் கிடத்தல் முறையோ? கடை மூடப்பட்டாலோ எண் மாறினாலோ, ஓ.டி.பி. எவர் கைக்கோ போகும். உரியவர் தம் வாயிலிலேயே அயலாராய் நிற்பர். கடுமையான வாயில் உரியவரைப் பாதுகாக்கவில்லை. பிறர் கையில் ஒப்புவித்தது.

நிற்க. கடவுச்சொல்லின் வரலாறும் இதனையே உணர்த்தும். அமெரிக்க நாட்டு எம்.ஐ.டி.யில் கார்பட்டோ என்பார் 1961இல் பலர் ஒருங்கே பயன்படுத்தும் கணினி அமைப்பைக் காட்டியபின், ஒவ்வொருவர் கோப்பையும் காக்கக் கடவுச்சொல் ஏற்பட்டது. 1962இல் ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு அளந்த நேரம் போதாமையால், அச்சொற்களின் பட்டியல் முழுவதையும் அச்சிடச் செய்து பிறர் நேரத்தைத் துய்த்தார். கடவுச்சொல்லை உள்ளபடியே வைத்தலாகாது, 'உப்பு' என்னும் தனித்தனி எண் கலந்து மீட்டறிய இயலாத உருவாக மாற்றியே வைத்தல் வேண்டும் என்று மாரிஸும் தாம்ஸனும் 1979இல் விளக்கினர். முப்பது ஆண்டு கழிந்து, 2009இல், ராக்யூ என்னும் நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. அவை யாவும் உள்ளபடியே எழுதி வைக்கப்பட்டவை. களவு நிகழ்ந்தது முன்வாயிலில் அன்று; பண்டசாலையில். ஆயினும் பழி சுமப்பவர் எப்போதும் எளிய சொல்லை வைத்த பயனரே!

உள்ளே நுழைந்தபின் நிகழ்வது மற்றொன்று. இணையத்தின் வழங்கியோ மறதி மிக்கது. ஒரு கணத்துக்கு முன் பேசியவரையும் அறியாது. அம்மறதிக்கு மருந்தாக 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மாண்டுல்லி 'குக்கி' என்னும் சிறு சீட்டை அமைத்தார். கடவுச்சொல் ஏற்றபின் வழங்கி ஓர் எண்சீட்டைத் தரும். அதன்பின் சீட்டைக் காட்டுவோரே உரியவர். இதுவே 'செஷன்'. சீட்டைக் கவர்ந்தவனுக்குக் கடவுச்சொல் வேண்டுவதில்லை. மறையாக்கம் இல்லாத பொது வைஃபையில் பிறர் சீட்டை எளிதிற் கவரலாம் என்பதை 2010இல் 'ஃபயர்ஷீப்' என்னும் கருவி உலகறியக் காட்டிற்று.

ஆதலின் சீட்டின் எண் எவரும் ஊகிக்கவொண்ணாததாய் இருத்தல் வேண்டும். உள்நுழைந்தவுடன் புதிதாக மாற்றப்படல் வேண்டும். மறையாக்கிய வழியில் மட்டுமே செல்லுதல் வேண்டும். பக்கத்தில் ஓடும் பிற நிரல்கள் படிக்க இடந்தரலாகாது. எல்லாவற்றினும் மேலாக, 'வெளியேறு' என்று அழுத்தியபோது கணினியிலிருந்து சீட்டை அழித்தால் மட்டும் போதாது. வழங்கியின் பேரேட்டிலும் அதனை அடித்தல் வேண்டும். ஒரே கணினியில் ஊர் முழுவதும் அமரும் கடையில் இதன் அருமை விளங்கும்.

கடுமை இல்லையேல் கள்வர்க்குக் கொண்டாட்டமன்றோ என்பார்க்கு விடை கூறுவோம். கடுமை ஆகாது என்பது நம் கொள்கையன்று. முகவர்களின் முறைகேட்டைத் தடுக்க, 2025 ஜூலை 1 முதல் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் ஆதாரால் மெய்ப்பிக்கப்பட்ட கணக்குடையார்க்கே தட்கல் சீட்டு என்றமைத்ததற்குக் காரணம் உண்டு. பொதுக் கணினியில் செஷன் விரைவில் முடிதலும் நன்றே. ஆனால் செஷன் முடியலாம், உழைப்பு முடியலாகாது. அரைமணி நேரம் நிரப்பிய விண்ணப்பம் ஒரு நொடியில் மறைவதால் எந்தக் கள்வன் பிடிபட்டான்? நிரப்பியதை வழங்கி சேமித்து, கடவுச்சொல்லை மீண்டும் கேட்டு, விட்ட இடத்திலேயே கொண்டு நிறுத்தினால் காவலும் குறையாது, கருணையும் குறையாது. நேரம் முடியுமுன் அறிவித்து, ஓர் எளிய செயலால் நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி அவகாசம் தருதல் ஒரு வழி என்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல் நெறிகள் 2008 முதலே கூறுகின்றன. காரணமின்றித் திங்கள்தோறும் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லலாகாது என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017இல் விதந்துரைத்தது. மாற்றுக என்று வருத்தினால் மக்கள் பழைய சொல்லின் ஈற்றில் ஓரெண்ணைக் கூட்டுவரேயன்றி வேறு செய்யார்.

நண்பர்காள்! நம்முள் கணினி பயில்வோர் பலர். நாளை இத்தகைய வாயில்களை அமைக்கப் போகின்றவர் நீவிரே. தமிழ் பயிலும் எமக்கும் இதிற் பங்குண்டு. பிழை நேர்ந்தவிடத்து 'செல்லாத உள்ளீடு' என்று மொட்டையாக நிற்கும் தொடரை, 'நீங்கள் இட்ட எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது' என்று எழுதித்தருதல் தமிழ் மாணாக்கர் கடன். இரு துறையாரும் கூடி ஒரு பக்கத்தைச் சமைத்து, நம் ஊர்க் கணினிக் கடையில் எழுத்தறிவு குறைந்த ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் பிறர் துணையின்றி உள்ளே சென்று, தம் வேலையை முடித்து, கதவைச் சாத்திவிட்டு வருவாராயின், அவ்வாயில் செவ்விது.